தவணைக்கு மேல் ஓராயிரம்
வீட்டுக் கடனை முன்கூட்டியே தீர்க்கும் கணக்கு

மும்பையில் நம்மவர் பலருக்கு இன்று சொந்த வீடு இருக்கிறது. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்று வாடகை அறைகளில் தொடங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் டோம்பிவ்லி, கல்யாண், அம்பர்நாத், பன்வேல் பக்கம் ஃபிளாட் வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். மகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் வீட்டின் சாவி நம் கையில் இருக்கிறதே தவிர, பத்திரம் வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறது. அது எப்போது நம் வீட்டு பீரோவுக்கு வரும் என்பதுதான் கேள்வி.

நாற்பத்திரண்டு வயதில் ஒருவர் இருபது ஆண்டுக் கடன் வாங்கினால் கடைசித் தவணை அறுபத்திரண்டாவது வயதில் வரும். மத்திய அரசு ஊழியருக்கு ஓய்வு 60 வயதில். தனியார் கம்பெனிகள் பலவற்றில் 58. சம்பளம் நின்ற பிறகும் தவணை நிற்காது. அப்போது பி.எப். பணத்திலும் கிராஜுட்டியிலும் கை வைக்க வேண்டியிருக்கும். மகளின் கல்யாணத்துக்கோ, முதுமையின் வைத்தியச் செலவுக்கோ வைத்திருந்த பணம் அது.

இதைத் தவிர்க்கப் பெரிய வருமானம் தேவையில்லை. ஒவ்வொரு மாதமும் தவணைக்கு மேல் சிறு தொகை கட்டி வந்தால் போதும். எப்படி என்பதை ஒரு பாடம் போலப் படிப்படியாகப் பார்ப்போம். நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். என்ஜினீயரிங் டிப்ளமா முடித்து, ரயில் பாதைப் பராமரிப்பில் காலத்தைக் கழித்தவன். இந்தக் கணக்குக்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். அன்பர்கள் ஒரு பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

1. தவணைக்குள் என்ன இருக்கிறது?

கடன் தொகை ரூ. 30 லட்சம், வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம், காலம் 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ரூ. 26,992. மொத்தம் 240 தவணைகள். எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய ரூ. 64 லட்சத்து 78 ஆயிரம் வரும். அதாவது 30 லட்சம் கடனுக்கு வட்டி மட்டும் ரூ. 34 லட்சத்து 78 ஆயிரம். வாங்கிய அசலைவிட வட்டி அதிகம்.

ஒவ்வொரு மாதமும் வங்கி செய்யும் கணக்கு எளிது. பாக்கி இருக்கும் அசலை வட்டி விகிதத்தால் பெருக்கி 1200ஆல் வகுத்தால் அந்த மாத வட்டி கிடைக்கும். முதல் மாதம்: 30,00,000 × 9 ÷ 1200 = ரூ. 22,500. நீங்கள் கட்டுவது ரூ. 26,992. வட்டி போக மீதி ரூ. 4,492 மட்டுமே அசலில் கழியும். நூறு ரூபாய் கட்டினால் எண்பத்து மூன்று ரூபாய் வட்டிக்கும், பதினேழு ரூபாய் அசலுக்கும் போகிறது.

அடுத்த மாதம் அசல் கொஞ்சம் குறைந்திருப்பதால் வட்டியும் கொஞ்சம் குறையும்: ரூ. 22,466. அசலில் கழிவது ரூ. 4,526. இப்படியே ஆமை வேகத்தில் நகரும். தவணையில் பாதிக்கு மேல் அசலுக்குப் போகத் தொடங்குவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடும். பத்து ஆண்டுகள், அதாவது சரிபாதிக் காலம் ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்கு இன்னும் ரூ. 21 லட்சத்து 31 ஆயிரம் அசல் பாக்கி நிற்கும். பத்தாண்டில் அவர் கட்டியது 32 லட்சத்துக்கு மேல். கழிந்த அசல் 9 லட்சத்துக்கும் குறைவு.

இதில் வங்கி ஏமாற்று வேலை எதுவும் செய்யவில்லை. பாக்கித் தொகைக்குத்தான் வட்டி போடுகிறது. தொடக்கத்தில் பாக்கி அதிகம், ஆகவே வட்டியும் அதிகம். அவ்வளவுதான்.

ரயில்வே குடும்பங்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. மத்திய அரசு ஊழியருக்குக் கிடைக்கும் வீடு கட்டும் முன்பணத்தில் முறையே வேறு. அதில் வட்டி தனிவட்டி. முதலில் அசலை 180 தவணைகளுக்கு மேற்படாமல் பிடித்துவிட்டு, அதன் பிறகுதான் வட்டியை 60 தவணைகளுக்கு மேற்படாமல் பிடிப்பார்கள். அப்பா காலத்தில் அந்தக் கடனைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், வங்கிக் கடனும் அப்படித்தான் கரையும் என்று எண்ணிவிடுகிறார்கள். இல்லை. வங்கிக் கடனில் வட்டி முதலில், அசல் பிறகு.

2. மேலே கட்டும் பணம் எங்கே போகிறது?

பாடத்தின் சாரமே இதுதான். அந்த மாத வட்டி தவணையிலேயே தீர்ந்துவிட்டது. ஆகவே தவணைக்கு மேல் நீங்கள் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் முழுதாக அசலில் கழியும்.

முதல் மாதமே தவணையோடு கூடுதலாக ரூ. 4,526 கட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அது இரண்டாம் தவணையில் கழிய வேண்டிய அசல். இப்போது உங்கள் கடன் இரண்டாம் தவணை கட்டி முடித்த நிலைக்கு வந்துவிட்டது. அந்தத் தவணையோடு சேர்ந்திருந்த ரூ. 22,466 வட்டி என்ன ஆயிற்று? அது இனி இல்லவே இல்லை. 240 தவணைகள் 239 ஆகிவிட்டன. நாலரை ஆயிரம் கட்டி இருபத்திரண்டாயிரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறீர்கள்.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். 72 என்ற எண்ணை வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக ஆகும் ஆண்டுகள் தோராயமாகக் கிடைக்கும். 9 சதவீதத்தில் எட்டு ஆண்டு. ஆயிரம் ரூபாய் எட்டு ஆண்டில் இரண்டாயிரம், பதினாறு ஆண்டில் நாலாயிரம், இருபது ஆண்டில் ஏறக்குறைய ஆறாயிரம். அதனால்தான் கடன் வாங்கிய தொடக்கத்தில் மேலே கட்டும் ஆயிரம் ரூபாய், கடைசியில் கட்ட வேண்டியிருக்கும் தவணைகளிலிருந்து ஏறக்குறைய ஆறாயிரத்தைக் கழித்துவிடுகிறது. அதே ஆயிரத்தைப் பத்து ஆண்டு கழித்துக் கட்டினால் கழிவது ரூ. 2,450. பதினைந்து ஆண்டு கழித்துக் கட்டினால் ரூ. 1,566.

ஆகவே "சம்பளம் உயரட்டும், பிறகு மொத்தமாகக் கட்டலாம்" என்று காத்திருப்பது லாபமில்லை. இன்றைய ஆயிரத்துக்குள்ள பலம் பிற்கால ஆயிரத்துக்கு இல்லை.

3. எவ்வளவு கட்டினால் எவ்வளவு மிச்சம்?

மேலே சொன்ன அதே கடன்: ரூ. 30 லட்சம், 9 சதவீதம், 20 ஆண்டுகள், தவணை ரூ. 26,992. வட்டி விகிதம் மாறாமல் இருந்து, முதல் மாதத்திலிருந்தே கூடுதலாகக் கட்டினால் கிடைக்கும் பலன் இது. தொகைகள் தோராயமானவை.

மாதம் ரூ. 1,000 கூடுதல்: 218 மாதத்தில் தீரும். வட்டியில் மிச்சம் ரூ. 3 லட்சத்து 75 ஆயிரம்.

மாதம் ரூ. 2,000 கூடுதல்: 201 மாதத்தில் தீரும். மிச்சம் ரூ. 6 லட்சத்து 70 ஆயிரம்.

மாதம் ரூ. 3,000 கூடுதல்: 186 மாதத்தில் தீரும். மிச்சம் ரூ. 9 லட்சத்து 10 ஆயிரம்.

மாதம் ரூ. 5,000 கூடுதல்: 163 மாதத்தில் தீரும். மிச்சம் ரூ. 12 லட்சத்து 75 ஆயிரம்.

மாதா மாதம் முடியாதவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, தீபாவளி போனஸ் வரும்போது, ஒரு தவணை அதிகமாகக் கட்டலாம். அப்படிச் செய்தால் 20 ஆண்டுக் கடன் சுமார் 16½ ஆண்டில் தீரும். மிச்சம் சுமார் ரூ. 7 லட்சம்.

இளைஞர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. சம்பளம் ஆண்டுதோறும் உயரும்போது, கட்டும் தொகையையும் ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்த்திக்கொண்டே போவது. முதல் ஆண்டில் ரூ. 26,992, இரண்டாம் ஆண்டில் ரூ. 28,342, இப்படியே போய்ப் பன்னிரண்டாம் ஆண்டில் சுமார் ரூ. 46,000. இருபது ஆண்டுக் கடன் பன்னிரண்டு ஆண்டும் ஒரு மாதமும் ஆகும்போது தீர்ந்துவிடும்.

முதலில் சொன்ன நாற்பத்திரண்டு வயதுக்காரரை இப்போது பாருங்கள். அவர் எதுவும் கூடுதலாகக் கட்டாவிட்டால், 58 வயதில் ஓய்வு பெறும்போது ரூ. 10 லட்சத்து 85 ஆயிரம் பாக்கி இருக்கும். 60 வயதில் ஓய்வு என்றாலும் ரூ. 5 லட்சத்து 90 ஆயிரம் பாக்கி. மாதம் ரூ. 3,000 மட்டும் கூடுதலாகக் கட்டி வந்தால் ஐம்பத்தேழரை வயதில் கடன் தீர்ந்துவிடும். ஓய்வுக் காலப் பணம் முழுதும் அவர் கையில் நிற்கும்.

ரயில் பாதையில் கீமேன் என்று ஓர் ஊழியர் உண்டு. தினமும் தன் எல்லையில் நடந்து, தளர்ந்த பிடிப்புகளைச் சுத்தியலால் தட்டி இறுக்கிக்கொண்டே போவார். அவர் செய்வது பெரிய வேலையாகத் தெரியாது. ஆனால் அந்த நடை ஒழுங்காக நடந்தால்தான் பாதை நிற்கும். வீட்டுக் கடனுக்கும் அப்படி ஒரு மாதாந்தர நடை வேண்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

4. காலத்தைக் குறைப்பதா, தவணையைக் குறைப்பதா?

கூடுதல் பணம் கட்டும்போது வங்கியில் இந்தக் கேள்வி வரும். பதில் தெரியாமல் தலையாட்டிவிடக் கூடாது.

அதே கடனில் மூன்று ஆண்டுகள் முடிந்த பிறகு ரூ. 2 லட்சம் மொத்தமாகக் கட்டுகிறீர்கள். அப்போது 204 தவணைகள் பாக்கி. தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைத்தால் 174 மாதத்தில் கடன் தீரும். மிச்சம் சுமார் ரூ. 6 லட்சத்து 20 ஆயிரம். காலத்தை மாற்றாமல் தவணையைக் குறைத்தால், தவணை ரூ. 25,074 ஆகும். மிச்சம் ரூ. 1 லட்சத்து 90 ஆயிரம்தான்.

வேலை நிச்சயமில்லாதவர்களும் மாதச் செலவில் திணறுபவர்களும் தவணையைக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை. மற்றவர்கள் "தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். அதோடு "இது அசலில் கழிக்க வேண்டிய பகுதித் தொகை" என்றும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதத் தவணைக்கான முன்பணம் என்று வரவு வைத்துவிட இடமுண்டு. பணம் கட்டிய பிறகு புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, பாக்கி அசல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சில இடங்களில் பகுதித் தொகைக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருப்பார்கள். ஆயிரம், இரண்டாயிரமாக வாங்க மாட்டார்கள். அப்போது தனியே ஒரு ரெக்கரிங் டெபாசிட்டில் சேர்த்து, அந்த அளவு வந்ததும் கட்டலாம். ஓரிரு மாதத் தாமதத்தால் பெரிய நஷ்டம் வராது. நடுவில் அந்தப் பணத்தை எடுத்துச் செலவு செய்யாமல் இருப்பதுதான் முக்கியம்.

5. வட்டி ஏறும்போது கவனம்

இன்று பெரும்பாலான வீட்டுக் கடன்கள் மாறும் வட்டியில் இருக்கின்றன. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு உயர்த்தியது. கடன் வட்டியும் கூடவே ஏறியது. ஆனால் பலருக்குத் தவணை மாறவில்லை. "நமக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று இருந்துவிட்டார்கள். தவணைக்குப் பதில் காலம் நீண்டுகொண்டே போயிற்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 லட்சத்துக்கு 7 சதவீதத்தில் 20 ஆண்டுக்குத் தவணை ரூ. 23,259. தொடக்கத்திலேயே வட்டி இரண்டரை சதவீதம் ஏறி 9.5 ஆகிவிட்டால் மாத வட்டி மட்டுமே ரூ. 23,750. தவணை முழுவதும் வட்டிக்கே போதவில்லை. கட்டக் கட்டக் கடன் வளரும். அந்தக் கடனை இருபது ஆண்டுக்குள் முடிக்கத் தவணை ரூ. 27,964 ஆக வேண்டும்.

இந்த நிலை வரக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கடன்தாரருக்கு உண்டு. எந்த நேரத்திலும் பகுதியாகவோ முழுமையாகவோ முன்கூட்டிக் கட்டவும் வழி தர வேண்டும். இதுவரை கட்டிய அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை என்ற விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தர வேண்டும். அந்தத் தாள் வந்ததும் மூலையில் போடாமல் "இன்னும் எத்தனை தவணை" என்ற இடத்தைப் பாருங்கள். போன தடவையைவிட எண் கூடியிருந்தால் உடனே வங்கிக்குப் போக வேண்டும்.

வட்டி குறையும்போது வாய்ப்பும் இருக்கிறது. தவணையைக் குறைக்கச் சொல்லாமல் பழைய தொகையையே கட்டி வாருங்கள். கைக்காசு கூடுதலாகப் போடாமலே காலம் குறையும்.

6. அபராதம் உண்டா?

பலரைத் தயங்க வைப்பது இந்தப் பயம்தான். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012 ஜூன் மாதமே ரிசர்வ் வங்கி தடை போட்டுவிட்டது. 2025 ஜூலையில் வந்த விதிகள் இதை இன்னும் தெளிவாக்கின. 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு அவை பொருந்தும். பணம் எங்கிருந்து வந்தது என்றோ, இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்றோ சொல்லித் தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனில் கட்டணம் கேட்க முடியாது. நிலையான வட்டிக் கடன் என்றால் மட்டும் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

7. வரிச் சலுகை போய்விடாதா?

"வட்டி கட்டினால் வரி குறையுமே, ஏன் சீக்கிரம் அடைக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பழைய வரி முறையில், நாம் குடியிருக்கும் வீட்டுக்கான வட்டியில் ஆண்டுக்கு ரூ. 2 லட்சம் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 2023-24 நிதியாண்டிலிருந்து தானாகவே பொருந்தும் முறையாக ஆகிவிட்ட புதிய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பழைய முறையிலேயே இருந்தாலும், 30 சதவீத வரி கட்டுபவர் நூறு ரூபாய் வட்டி கொடுத்தால் வரியில் மீள்வது சுமார் முப்பத்தொரு ரூபாய். மீதி அறுபத்தொன்பது போனது போனதுதான். மேலும் நம் கடனில் முதல் ஆண்டு வட்டி மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல். இரண்டு லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு அந்த முப்பத்தொன்றும் இல்லை.

8. அவசரப்படக் கூடாத இடங்கள்

எல்லோரும் உடனே கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். நான்கு விஷயங்களை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஆறு மாதக் குடும்பச் செலவும் தவணையும் சேர்ந்த தொகை உடனே எடுக்கும்படி வங்கியில் இருக்க வேண்டும். வீட்டுக் கடனில் போட்ட பணத்தை ஆஸ்பத்திரிச் செலவுக்குத் திரும்பக் கேட்டால் கிடைக்காது.

இரண்டு, கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன் போன்றவை இருந்தால் அவற்றை முதலில் தீருங்கள். அவற்றின் வட்டி வீட்டுக் கடனைவிட மிக அதிகம்.

மூன்று, கடன் தொகைக்காவது ஆயுள் காப்பீடும், குடும்பம் முழுவதற்கும் மருத்துவக் காப்பீடும் இருக்க வேண்டும். சம்பாதிப்பவருக்கு ஏதாவது நேர்ந்தால் மனைவி மக்கள் தலையில் கடன் விழக் கூடாது.

நான்கு, ஓய்வுக் காலச் சேமிப்பை முற்றிலும் நிறுத்திவிட்டு இதைச் செய்யாதீர்கள். கடன் இல்லாத வீட்டில் இருந்தாலும் அரிசி வாங்கப் பணம் வேண்டும்.

நிரந்தர வைப்பில் போடுவதோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வைப்பில் 7 சதவீதம் கிடைத்தாலும் அதற்கு வரி உண்டு. கடனில் கட்டினால் 9 சதவீத வட்டி மிச்சம். அந்த மிச்சத்துக்கு வரி கிடையாது.

9. கடன் தீர்ந்த பிறகு

கடைசித் தொகை கட்டியதோடு வேலை முடியவில்லை. பாக்கி இல்லை என்ற சான்று, அசல் பத்திரங்கள் எல்லாவற்றையும் பட்டியலோடு சரிபார்த்து வாங்குங்கள். 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ. 5,000 ஈடு தர வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானம் பதிவாகியிருந்தால் அதை நீக்கச் செய்வதும் முக்கியம். பிள்ளைகள் பிற்காலத்தில் வீட்டை விற்கப் போகும்போது இந்த ஒரு தாள் இல்லாமல் அலைய நேரக் கூடாது.

பயிற்சி

உங்கள் கடன் தாளை எடுத்து மூன்று எண்களைக் குறியுங்கள்: பாக்கி அசல், வட்டி விகிதம், மீதமுள்ள தவணைகள். பாக்கி அசலை வட்டி விகிதத்தால் பெருக்கி 1200ஆல் வகுங்கள். தவணையிலிருந்து அதைக் கழியுங்கள். வருவதுதான் இந்த மாதம் உண்மையில் அடையும் கடன். பிறகு கடைசித் தவணை வரும் ஆண்டில் உங்கள் வயது என்ன என்று எழுதுங்கள். அது ஓய்வு பெறும் வயதைத் தாண்டினால், இந்த மாதமே ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். ஆயிரம் முடியாவிட்டால் ஐந்நூறு.

கணக்கில் சந்தேகம் இருப்பவர்கள் அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கடன் தாளோடு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.